நீர் மாத்திரையோடு இளநீர் குடிக்கலாமா?

சென்ற மாதம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். இதயக் கோளாறால் கால் வீக்கம். அதற்கு நீர் மாத்திரை. போதாததற்கு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று தினமும் நெருஞ்சில் கஷாயமும் குடித்திருக்கிறார்.

"வீக்கம் வடிஞ்சிடுச்சு டாக்டர். ஆனா ராத்திரியில கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, எழுந்தா தலை சுத்துது. இளநீர் குடிச்சா சரியாயிடுமா?"

"முதல்ல மாத்திரை அட்டையைக் கொண்டு வாங்க சார், அப்புறம் சொல்றேன்" என்றேன். ஏன் தெரியுமா?

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வெளியே போவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதியெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. உப்பு திரும்பினால் நீரும் அதன் பின்னாலேயே திரும்பும். நீர் மாத்திரை அந்த உப்பை மறித்துவிடுகிறது. உப்போடு நீரும் சிறுநீராக வெளியேறுகிறது.

ஃப்ரூஸ்மைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு வகைகள் பொட்டாசியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தசைப்பிடிப்பும் சோர்வும் வரும்; அதிகம் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ஸ்பைரனோலேக்டோன் இதற்கு நேர் எதிர். பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கும். இளநீரிலோ பொட்டாசியம் ஏராளம். இந்த மாத்திரை சாப்பிடுபவரும், சிறுநீரகம் பழுதானவரும் இஷ்டத்துக்கு இளநீர் குடித்தால் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறி இதயம் நின்றுபோகவும் கூடும். இரண்டுக்குமே பெயர் 'நீர் மாத்திரை'தான்!

சிலருக்கு யூரிக் அமிலம் கூடி மூட்டு வலிக்கும், சர்க்கரை ஏறும். வயதானவர்களுக்குச் சோடியம் குறைந்து பேச்சுத் தடுமாறும். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மூட்டு வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிச் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. வாந்தி, பேதி நாட்களில் நீர் மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மற்றபடி, வீக்கம் வடிந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சுத்திணறலில் போய் முடியும்.

நெருஞ்சில் நல்ல மூலிகை. நானே கொடுக்கிறேன். ஆனால் அதுவும் சிறுநீர்ப் பெருக்கிதான். மாத்திரையோடு சேர்ந்தால் எவ்வளவு நீர் இறங்கும் என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும்?

ஆசிரியரின் அட்டையில் இருந்தது ஃப்ரூஸ்மைடு. கஷாயத்தை நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே அவருடைய இதய டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு. மருந்தின் அளவை அவர் மாற்றிக் கொடுத்தார். இளநீரும், அவர் அனுமதித்த பிறகுதான்.