நாலாம் நம்பர் மெஷின்

2006-ல் திருச்சியில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் நாங்கள் ஆறேழு பேர் கல்லூரிக்குப் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில்தான் கிடப்போம். மணிக்கு இருபது ரூபாய். பத்து மெஷின், எல்லாம் லேனில் இணைத்தது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கி விளையாட்டு, டஸ்ட் 2 மேப். நான் வழக்கமாக உட்காருவது நாலாம் நம்பர் மெஷினில்.

நண்பன் ஒருவன் கொடுத்த சி.டி.யில் ஒரு சின்ன ஃபைல் இருந்தது. ஸ்மோக் கிரனேடு வீசினால் கிளம்பும் புகையின் படம்தான் அது. ஆனால் உள்ளே காலி. கேமின் ஸ்பிரைட்ஸ் ஃபோல்டரில் பழையதன் மேல் இதைப் போட்டுவிட்டால் போதும். எதிராளி புகையைக் கிளப்பிவிட்டு அதற்குள் பம்மிப் பம்மி வருவான். எல்லார் திரையிலும் சாம்பல் மூட்டம், என் திரையில் மட்டும் பட்டப்பகல். நாலு நாள் ராஜா மாதிரி இருந்தேன்.

ஐந்தாம் நாள் நான் போக நேரமாகிவிட்டது. என் இடத்தில் முதலாமாண்டுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நான் கதவைத் திறக்கும்போதே உள்ளே சத்தம். புகைக்குள் நின்ற இரண்டு பேரை அவன் அடுத்தடுத்துத் தலையிலேயே அடித்திருக்கிறான். சந்தேகப்பட்டுப் பின்னால் போய் நின்றவன், "டேய், இவனுக்குப் புகையே தெரியலடா! ஹேக் போட்டிருக்கான்!" என்று கத்தினான். பையன் திருதிருவென்று முழித்தான். ஸ்மோக் என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தே ஆடியிருக்கிறான். சென்டர் அண்ணன் எழுந்து வந்து, "தம்பி, இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார். நான் வாசலில் செருப்பைக் கழற்றியபடி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

கேம் ஃபைலை மாற்றலாமா என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முழிதான். மாற்றியவன் எழுந்து போய்விடுவான். ஃபைல் அங்கேயே இருக்கும். பொது மெஷினிலோ, நண்பனின் கம்ப்யூட்டரிலோ உங்கள் அக்கவுன்ட்டைத் திறக்குமுன் இதை யோசியுங்கள். கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்தில் கேமின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், ஃபைல்களைச் சரிபார்க்கச் சொல்லலாம். கேமோடு வந்த ஃபைல்களில் எது கெட்டிருக்கிறதோ, மாறியிருக்கிறதோ, அதை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளும். புதிதாக யாராவது சொருகிய ஃபைல் இதில் சிக்காமல் போகலாம். அந்த மாதிரி இடத்தில் உங்கள் அக்கவுன்ட்டைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

எங்கள் சென்டரில் அந்தக் காலிப் புகை செல்லுபடியானதற்குக் காரணமும் நாங்கள்தான். எம்.பி. கன்சிஸ்டன்சி என்று சர்வரில் ஒரு செட்டிங் உண்டு. ஆடுபவரின் முக்கியமான ஃபைல்கள் சர்வரிடம் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று அது பார்க்கும். ஆளுக்கொரு துப்பாக்கி ஸ்கின், ஆளுக்கொரு சத்தம் என்று மெஷினுக்கு மெஷின் மாற்றி வைத்திருந்ததால் அண்ணன் அதை அணைத்தே வைத்திருந்தார். அன்றிரவு அதைப் போட்டுப் பார்த்தால் பத்தில் பாதி மெஷின் உள்ளேயே நுழையவில்லை. மறுநாள் காலை சுத்தமான ஒரு ஃபோல்டரைப் பத்து மெஷினுக்கும் காப்பி செய்தார். என் காலிப் புகை அதோடு போயிற்று. எங்கள் ஸ்கின்களும் போயின. யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை.

அந்தக் காலத்தில் இன்னொரு வித்தையும் இருந்தது. ஆள் மாடலில் நீள நீளமாக முள்ளைச் செருகிவிடுவார்கள். ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருப்பான், முள் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். முள்ளம்பன்றி வேட்டைதான். சட்டை நிறத்தை மாற்றினால் கண்டுகொள்ளாத சர்வர்கூட, மாடல் அதற்குரிய அளவைத் தாண்டினால் வெளியே தள்ளியதற்கு இதுதான் காரணம்.

இப்போதைய சோதனைகளில் பல, ஃபைலின் கைரேகையைப் பார்ப்பவை. ஃபைலைக் கணக்குப் போட்டு ஒரு நீளமான எண்ணாக்குவார்கள். ஒரே ஒரு பைட் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். நீங்கள் துப்பாக்கிக்கு மஞ்சள் பூசினீர்களா, சுவரைக் கண்ணாடியாக்கினீர்களா என்று கைரேகைக்குத் தெரியாது. "அழகுக்காகத்தான் சார் மாத்தினேன்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைக் கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை.

எதையுமே தொடாதவனும் மாட்டியதுண்டு. 2010 ஜூலையில் கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேரை ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் வேக் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் தவறாகத் தடை செய்தது. ஸ்டீம் ஒரு டி.எல்.எல். ஃபைலைப் புதுப்பித்தபோது, டிஸ்கில் இருந்ததும் மெமரியில் ஓடிக்கொண்டிருந்ததும் ஒத்துப்போகவில்லை. தடையை நீக்கி, ஆளுக்கொரு லெஃப்ட் 4 டெட் 2-ம் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் ஏஎம்டியின் கிராஃபிக்ஸ் டிரைவரில் ஆன்டி-லேக் பிளஸ் என்ற வசதி வந்தது. தாமதத்தைக் குறைக்க அது கேமின் டி.எல்.எல்.லுக்குள்ளேயே கையை விட்டது. அதைப் போட்டுக்கொண்டு கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடியவர்களுக்கு வேக் தடை விழுந்தது. ஏஎம்டி அந்த டிரைவரையே திரும்பப் பெற்றது. கூட்டமாக மாட்டியதால் இவர்கள் தப்பித்தார்கள். தனியாக மாட்டுபவனின் வேக் தடைக்குக் காலக்கெடு கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது. குற்றம் நடந்த அன்றே விழ வேண்டும் என்றும் இல்லை. "ஒரு வாரமா போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகலை" என்று நண்பன் சொன்னால் அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதெல்லாம் தெரிந்த மாமா ஒருவன் வீட்டிலேயே இருந்தும், என் அக்கா மகன் போன வருடம் மாட்டினான். கைபேசியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டு. டெலிகிராமில் ஒரு ஜிப் ஃபைல் கிடைத்திருக்கிறது. கேமின் டேட்டா ஃபோல்டரில் போட்டால் புல்லே இருக்காது, படுத்திருப்பவன் மொட்டைத் தரையில் தெரிவான். பத்து வருடத் தடை.

"மாமா, செட்டிங்ஸ்தானே மாத்தினேன். கிராஃபிக்ஸைக் குறைக்கிறது தப்பா?"

"கேமுக்குள்ள இருக்கற மெனுல குறைச்சியா, வெளியிலேருந்து ஃபைல் கொண்டாந்து போட்டியா?"

பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "எனக்கு அப்ப இருபத்தாறு வயசாயிடும் மாமா" என்றான். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு.

அந்த மெனுதான் நான் வைத்திருக்கும் கோடு. கேமே கொடுக்கும் செட்டிங்கை எவ்வளவு திருகினாலும் அது எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அந்தக் கோடும் நகரும் என்பதை மறக்கக் கூடாது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-ல் ஒரே விசையில் பல அசைவுகளைக் கட்டும் சில பைண்டுகளைப் பலர் கான்ஃபிக் ஃபைலில் வைத்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் வால்வ் அதற்கும் தடை போட்டது. பழைய கான்ஃபிக்கைப் புது கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகுமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கேமை மாற்றியமைக்கும் மோடுக்கு நான் எதிரி இல்லை. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கே 1999-ல் ஹாஃப்-லைஃபுக்கு இரண்டு பேர் செய்த மோடாகப் பிறந்ததுதான். தனியாக ஆடும் கேமில் டிராகனுக்கு ரயில் எஞ்சின் முகம் வைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. மோடு போட்டு ஆட கேமின் முழு ஃபோல்டரையும் வேறு பெயரில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். ஆன்லைன் ஆடுவதைத் தொடுவதே இல்லை. வால்வின் பழைய கேம்களை மோடோடு திறக்கும்போது லாஞ்ச் ஆப்ஷனில் 'இன்செக்யூர்' என்று போட்டுவிடுவேன். வேக் ஓடாது, வேக் உள்ள சர்வருக்குள் தவறிக்கூட நுழைய முடியாது.

மைன்கிராஃப்டில் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். கல்லைக் கண்ணாடியாக்கி உள்ளிருக்கும் வைரத்தைக் காட்டும் எக்ஸ்-ரே பேக்குகளை ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் பேப்பர் போன்ற சர்வர் மென்பொருள்களில், புதைந்திருக்கும் தாதுவை வெறும் கல் என்றே ஆடுபவருக்கு அனுப்பும் வசதி வைத்தார்கள். இன்னொரு முறையில் இல்லாத தாதுவை எங்கும் தூவி அனுப்பும். எக்ஸ்-ரே போட்டவன் திரை முழுக்க வைரம், தோண்டினால் கல். சர்வரை எழுதியவன் குறும்புக்காரன்தான். புகைக்கு அப்படிச் செய்வது கடினம். அந்தக் காலத்துக் கேமில் புகையை வரைவதே ஆடுபவரின் மெஷின்தான்.

அந்தச் சென்டர் இப்போது மொபைல் கடை. அங்கே ஆடியவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நாலாம் நம்பர் பையனையும் யாரோ தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டார்கள். பெங்களூருவில் வேலை, இரண்டு குழந்தைகள். குழுவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ஸ்மோக்' என்றுதான். அவனும் ஒவ்வொரு தடவையும் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்புகிறான். போன பொங்கலுக்குக்கூட, "ஹேப்பி பொங்கல் ஸ்மோக்" என்று நானே தட்டினேன்.