சொல்ல வராததை வரையட்டும்

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள்தான்: "சாப்பிட்டியா? எத்தனை மார்க்?" இரண்டுக்கும் பதில் வந்துவிடும். "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பிள்ளை மறைப்பதாக நினைக்க வேண்டாம். உள்ளே நடப்பதைச் சொல்ல அந்த வயதில் வார்த்தை போதாது.

திருக்கோஷ்டியூர், திருப்பத்தூர், காரைக்குடி பக்கம் நம் குடும்பங்களில் அத்தா வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்க, போனில் மட்டுமே முகம் பார்த்து வளரும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் ஒரு மவுத்துக்குப் பிறகு பேச்சு குறைந்துபோன பிள்ளைகள் உண்டு. பரீட்சை நெருங்கினாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்குக் கைகொடுக்கும் ஒரு வழியை இந்த இதழில் பாடமாகப் பார்ப்போம். அதன் பெயர் கலைவழிச் சிகிச்சை.

கலைவழிச் சிகிச்சை என்பது என்ன?

இங்கிலாந்து ஓவியர் ஏட்ரியன் ஹில், காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றபோது, படம் வரைவது தம் மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டார். மற்ற நோயாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 1942இல் அவர்தான் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்.

இது வேலை செய்யும் விதம் எளிது. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லக் கூசும் பிள்ளை, தான் வரைந்த வீட்டைக் காட்டி, 'இந்த வீட்டில் ராத்திரி யாரும் தூங்க மாட்டார்கள்' என்று சொல்லிவிடும். பாரம் காகிதத்துக்கு இறங்கிவிடுகிறது. இனி அதைத் தள்ளிவைத்துப் பார்க்கலாம், அதைப் பற்றிப் பேசலாம், வேண்டுமானால் மாற்றியும் வரையலாம். வண்ணம் தீட்டுவது, களிமண் பிசைவது, ஓலை பின்னுவது போன்ற ஒரே சீரான கைவேலை மனப் படபடப்பையும் தணிக்கும்.

மட்டக்களப்பு தரும் பாடம்

நம் மொழி பேசும் மண்ணிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே சத்துருக்கொண்டான் பகுதித் தமிழ்க் கிராமங்களில் படுகொலை நடந்தது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் உறவுகளைப் பறிகொடுத்து, ஒருவரை ஒருவர் அஞ்சி வளர்ந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்காக 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடா ஓவியர் பால் ஹோகனும், மனநல ஆலோசகரான பாதிரியார் பால் சற்குணநாயகமும் அதற்கு முன்நின்றார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வாரத்தில் ஒரு நாள் அங்கே கூடி, பல மாதங்கள் தொடர்ந்து படம் வரைந்தார்கள், களிமண்ணில் உருவம் செய்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் நடித்தார்கள், செடி வளர்த்தார்கள். கூட இருந்து நடத்திய உள்ளூர் இளைஞர்களும் போரின் காயத்தைச் சுமந்தவர்களே.

'உனக்கு என்ன நடந்தது, சொல்' என்று அங்கே யாரும் பிள்ளையை நெருக்கவில்லை. பாதுகாப்பான இடமும் பொறுமையான பெரியவர்களும் வாராவாரம் மாறாத நேரமும் கிடைத்தன. மற்றது தானாக வந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்.

ஆசிரியர்களும் மனிதர்களே

வகுப்பு நிறையப் பிள்ளைகள், திருத்த வேண்டிய நோட்டுகள், நிரப்ப வேண்டிய பதிவேடுகள் என்று ஓடும் ஆசிரியர், மாலையில் எரிந்து விழுந்தால் ஆச்சரியமில்லை. அவர் மனம் அமைதியாக இருந்தால்தான் வகுப்பும் அமைதியாக இருக்கும்.

அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 39 பெரியவர்கள் 45 நிமிடம் விருப்பப்படி வரைந்தார்கள், களிமண்ணில் செய்தார்கள், காகிதம் ஒட்டினார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் என்ற சுரப்பு அவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பு வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான் என்றாலும், 'எனக்கு வரைய வராதே' என்று தயங்கும் ஆசிரியருக்கு இது நல்ல செய்தி. பிள்ளைகள் வரையும் நேரத்தில் அவரும் ஒரு தாளை எடுத்து உட்காரலாம்.

நம் வீடுகளில் எழும் கேள்வி

'படம் வரையலாமா?' என்று சில பெற்றோர் தயங்குவார்கள். உயிருள்ளவற்றை வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதே சமயம், ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் தோழியருடன் பொம்மை வைத்து விளையாடியதையும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். தயக்கம் உள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். அதற்காகக் கலையையே பிள்ளையிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. கொடி, பூ, இலை, அழகிய எழுத்து, கணித வடிவக் கோலங்கள் என்று நம் முன்னோர் வளர்த்த கலை கடல்போல் இருக்கிறது. பக்கத்திலேயே ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி ஓடு செய்கிறார்கள். செட்டிநாட்டுக் கொட்டானும் சாயமேற்றிய ஓலையில் பின்னுவதுதான். இவையெல்லாம் பிள்ளைகளின் கைக்கு ஏற்ற பாடங்கள்.

வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடியவை

1. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய நோட்டின் வெற்றுத்தாளும் கிரேயானும் போதும்.

2. 'இன்றைய மனசுக்கு என்ன நிறம்?', 'எனக்குப் பிடித்த இடம்' என்று சிறு தலைப்புக் கொடுங்கள். வரைய விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

3. 'அழகாக இருக்கு', 'மரம் இப்படியா இருக்கும்?' இரண்டுமே வேண்டாம். 'இதைப் பற்றிச் சொல்றியா?' என்று மட்டும் கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

4. கறுப்பு வண்ணம் பூசினால் கவலை என்று நாமாக அர்த்தம் கற்பிக்கக் கூடாது. கையில் அந்தக் கிரேயான் மட்டும் இருந்திருக்கலாம்.

5. பிள்ளையின் அனுமதி இல்லாமல் படத்தைச் சுவரில் ஒட்டுவதோ, வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ கூடாது. அது அதன் அமானிதம்.

எப்போது உதவி தேட வேண்டும்?

இது மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகப் பேசினால், யாரோ துன்புறுத்துவதாகத் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டும் இலவசம், இரவும் பகலும் இயங்குபவை. மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெற்றோருக்கு நம் வேண்டுகோள் ஒன்று. பரீட்சை நெருங்கும்போது முதலில் பறிபோவது ஓவிய வகுப்பும் விளையாட்டு வகுப்பும்தான். கணக்குக்கும் அறிவியலுக்கும் அந்த நேரம் போவதைப் பார்த்து நாமும் மகிழ்கிறோம். மனபாரம் இருக்கும் பிள்ளையின் தலையில் கணக்கும் ஏறாது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நம் பெற்றோரும் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில், 'அந்த ஒரு பீரியடை எங்கள் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள்' என்று கேட்போம். மதரஸா உஸ்தாதுமார்களிடமும் இது பற்றிப் பேசுவோம். இன்ஷா அல்லாஹ், கேட்டால் கிடைக்கும்.