ஆரோக்ஸ் என்னும் தொல்மாடு: வேட்டைக் குறிப்பிலிருந்து விளையாட்டு விதி வரை

முன்னுரை

அழிந்துபோன ஒரு விலங்கு மக்கள் நினைவில் எவ்வடிவில் எஞ்சுகிறது என்பது பண்பாட்டாய்வில் கருதத்தக்க வினாவாகும். ஐரோப்பா, மேற்காசியா, வடஆப்பிரிக்கா, இந்தியத் துணைக்கண்டம் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த ஆரோக்ஸ் என்னும் காட்டு மாட்டினம், இன்றைய வீட்டு மாடுகளின் மூதாதை. திமிலுடைய நம் நாட்டு மாடுகளும் இதன் இந்தியக் கிளையின் வழிவந்தவையே. இதன் காளைகள் தோளுயரத்தில் சுமார் 180 செ.மீ. வரை வளர்ந்தன. இவ்விலங்கு இன்று கற்பனைக் கதை விளையாட்டுகளில் இடம்பெறுகிறது. அவ்விளையாட்டு விதிகள் இதன் எப்பண்புகளைப் பேணின, எவற்றை விடுத்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீசரின் குறிப்பு

கி.மு. முதல் நூற்றாண்டில் கால் நாட்டுப் போர்களைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதிய நூலின் ஆறாம் பகுதி இவ்விலங்கை விவரிக்கிறது. யானையினும் சற்றே சிறியது. வலிமையும் விரைவும் மிக்கது. கண்ணிற்பட்ட மனிதரையும் விலங்கையும் விடாதது. கன்றாகப் பிடித்தாலும் பழகாதது என்பன அவர் கூறும் பண்புகள். செருமானிய இளைஞர் குழி தோண்டி இதனைப் பிடித்துக் கொன்றனர். மிகுதியாகக் கொன்றோர் கொம்புகளை ஊரறியக் காட்டிப் புகழ்பெற்றனர். விளிம்பில் வெள்ளி பூட்டிய கொம்புகள் விருந்துகளில் குடிகலங்களாயின. எனவே இக்குறிப்பில் விலங்கின் வலிமை, வேட்டையாடுவோனின் வீரத்தை அளக்கும் கோலாகவும் அமைகிறது.

விளையாட்டு விதியில் ஆரோக்ஸ்

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்த விளையாட்டு. ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் பாத்திரங்களை ஏற்று ஆடுவர். செயல்களின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். அதன் ஐந்தாம் பதிப்புக்கென 2016இல் வெளியான 'வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்' என்னும் நூல் ஆரோக்ஸை எண்களால் வருணிக்கிறது: வலிமை 20, அறிவு 2, உயிர்ப்புள்ளி 38. இருபது அடி நேராக ஓடிவந்து முட்டினால் காயம் மிகும். முட்டுண்டவர் நிலைகுலைந்து வீழவும் கூடும்.

இங்குச் சீசர் கூறிய வலிமையும் விரைவும் விதிகளாக மாறியுள்ளன. கொம்புகளின் எண்ணிக்கை அன்று இளைஞனின் மதிப்பை அளந்தது. இன்று இதனை வெல்லும் பாத்திரங்களுக்கு 450 அனுபவப் புள்ளிகள் கிடைக்கின்றன. ஆயினும் பழகாமை என்னும் பண்பு மாற்றமடைந்துள்ளது. விளையாட்டுலகின் ஓர்க் இனத்தார் இவ்விலங்கைப் போரில் ஊர்தியாகக் கொள்கின்றனர்.

'பாத்ஃபைண்டர்' விளையாட்டின் 2009ஆம் ஆண்டு உயிரினத் தொகுப்பு வேறொரு பண்பை முன்னிறுத்துகிறது. மூன்றோ அதற்கு மேற்பட்டோ ஆரோக்ஸ்கள் அணிசேர்ந்து மிதித்தோடினால் அத்தாக்குதலிலிருந்து தப்புவது மேலும் கடினமாகும். இவ்விலங்கின் ஆற்றல் தனி உடலில் மட்டுமன்றி மந்தையிலும் உள்ளது என்பதை இவ்விதி உணர்த்துகிறது. சீசரின் வேட்டைக் குறிப்பில் இப்பார்வை இல்லை.

விதிகள் விடுத்தவை

வரலாற்றில் குறைந்தழிந்தது அம்மந்தையே. போலந்தின் யாக்டோருவ் காட்டில் அரச காவலில் எஞ்சியிருந்த ஆரோக்ஸ்கள் 1564இல் 38 எனக் கணக்கிடப்பட்டன. 1602இல் நான்கே இருந்தன. 1620இல் கடைசிக் காளை இறந்தது. அதன் கொம்பு அரசருக்கான அணிகலமாயிற்று. 1627இல் கடைசிப் பசுவும் இறந்தது. வேட்டை, மேய்ச்சல் நிலத்தின் சுருக்கம், வீட்டு மாடுகளின் போட்டி, நோய் ஆகியன இவ்வழிவிற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

38 என்னும் எண் இரண்டிடத்தும் வருவது தற்செயலே. எனினும் அவற்றின் பொருள் வேறுபாடு நோக்கத்தக்கது. விளையாட்டில் அது ஒரு விலங்கின் உயிரளவு. அடுத்த ஆட்டத்தில் மீண்டும் நிறையும். யாக்டோருவில் அது ஓர் இனத்தின் எச்சம். ஒவ்வோர் இறப்பும் மீளாக் குறைவு.

முடிவுரை

சீசரின் குறிப்பும் விளையாட்டு விதியும் கொல்வோனின் பார்வையிலிருந்தே விலங்கை வருணிக்கின்றன. அதனால் இரண்டும் அதன் வலிமையைப் பேணின. மந்தை விதி ஒன்றே விலங்கினை அதன் கூட்டத்தோடு இணைத்துக் காண்கிறது. ஆனால் விளையாட்டில் மந்தை குன்றுவதில்லை. எனவே விதிகள் வழியாக ஆரோக்ஸின் ஆற்றல் நினைவில் நிலைபெற, அதன் அழிவு நினைவிலிருந்து நீங்குகிறது என்பது இவ்வாய்வின் முடிபாகும்.