மனக்கவலையும் உடலின் காவலும்

மனத்தில் எழும் துன்பம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலை எவ்வழியாகத் தாக்குகின்றது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நரம்பணுக்கள் செய்தி பரிமாறும் பொருட்டுப் பல இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளை நியூரோபெப்டைடுகள் என்பர். பூட்டுக்கேற்ற திறவுகோல் போல, ஒவ்வொரு பெப்டைடும் தனக்குரிய ஏற்பியில் பொருந்தியே வேலை செய்யும். இத்தகைய ஏற்பிகள் மூளையில் மட்டுமன்றி, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களிலும் உள்ளன. ஆதலின் நரம்புகளின் செய்தி அவ்வணுக்களையும் எட்டுகின்றது. 1931இல் கண்டறியப்பட்ட 'பி' என்னும் பெப்டைடு அழற்சியைத் தூண்டும். 1970இல் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வி.ஐ.பி. பெரும்பாலும் அதனைத் தணிக்கும்.

அச்சமோ கவலையோ மேலிடும்போது, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் சி.ஆர்.எச். என்னும் பெப்டைடை விடுக்கின்றது. அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்னும் பெப்டைடைச் சுரக்கின்றது. அதன் விளைவாகச் சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலை இரத்தத்திற் கலக்கின்றன. கார்ட்டிசால் வெள்ளை அணுக்களின் வேகத்தை அடக்கும். சிறிது நேரம் நிகழின் இது நன்மையே. அளவு மீறிய அழற்சி தடுக்கப்படும். மாதக்கணக்கில் நீடிப்பின் காவல் தளரும்.

இதற்கொரு சான்று காண்போம். அமெரிக்காவின் ஒகையோவில் கீகோல்ட்-கிளேசர் முதலியோர் 1995இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மறதிநோயுற்ற உறவினரைப் பேணிவந்த பெண்கள் 13 பேருக்கும், அவர்களை ஒத்த வயதும் வருவாயும் உடைய வேறு 13 பெண்களுக்கும், கையில் 3.5 மில்லிமீட்டர் அளவான சிறு காயம் செய்யப்பட்டது. பின்னவர்க்கு அது சராசரியாக 39.3 நாளில் ஆறியது, பேணுவோர்க்கோ 48.7 நாள் ஆயிற்று. இது சிறு ஆராய்ச்சியே. எனினும் பின்வந்த ஆராய்ச்சிகளும் மனநெருக்கடியால் காயம் ஆறத் தாமதமாகும் என்றே காட்டின.

இதனின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, கிருமி, உணவுக்குறை, பரம்பரை எனப் பல காரணங்கள் கூடியே நோய் தோன்றுகின்றது. மனம் அவற்றுள் ஒன்றேயாகும். ஆகவே, "உன் மனக்குறையே உன் நோய்" என்று நோயாளியைப் பழிப்பது அறமன்று. மன அமைதியை நம்பி மருந்தை நிறுத்துவதும் அறிவன்று. இரண்டாவது, நோயாளியைப் பேணுபவரும் பேணப்பட வேண்டியவரே. நோயுற்றார் இல்லம் செல்லும் நாம், நலம் விசாரித்ததோடு திரும்பாமல், ஓரிரவேனும் அவர்தம் பணியை ஏற்று, அவரை உறங்கச் செய்வோமாக.