காதைக் குடையாதடி!

குளிச்சு வந்ததும் பட்ஸை எடுத்துக் காதுக்குள்ள விட்டு, கண்ணை மூடிக்கிட்டுச் சொகமாக் குடையறியே, அதை முதல்ல நிறுத்து. காதுத் துவாரம் ஒரு இஞ்சு நீளம்தான். அது முடியற இடத்துல செவிப்பறை இருக்கு. குறுக்களவு ஒரு சென்டிமீட்டர்கூட வராது, கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். ரொம்ப மெல்லிசான சத்தத்துக்கு அது அசையற தூரம் ஒரு அணுவோட அகலத்தைவிடக் குறைவு. அப்படி அசையற ஒண்ணு மேல அழுக்கைக் கொண்டுபோய் அப்பினா எப்படிக் கேட்கும்?

குறும்பி தானாவே வெளியே வரும்டி. செவிப்பறை மேல இருக்கற தோல் ஓரத்துக்கு நகர்ந்து, அப்படியே துவாரம் வழியா வெளிப்பக்கமா ஊர்ந்துட்டே இருக்கும். குறும்பியும் கூடவே வந்துடும். பட்ஸ் அதைத் திருப்பி உள்ளே தள்ளுது. துண்டு முனையால வெளிக்காதைத் துடை, போதும். ஹேர்பின், ஊக்கு பத்தி நான் பேசவே போறதில்ல.

காதுவலின்னா அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிட்டு வந்துடுவாங்க. கோச்சுக்காம வேண்டாம்னு சொல்லிடு. பறையில ஓட்டை இருந்தா எண்ணெய் நேரா நடுச்செவிக்குள்ள இறங்கிடும்.

அந்த நடுச்செவியில இருக்கறது காத்தும், சுத்தி, பட்டடை, அங்கவடின்னு 3 குட்டி எலும்பும். அங்கவடி 3 மில்லிமீட்டர்தான், உடம்புலயே சின்ன எலும்பு. அதுக்கு அந்தப் பக்கம் உள்செவியில திரவம். காத்துல வர்ற சத்தம் நேரா திரவத்துல பட்டா, முக்கால்வாசிக்கு மேலயே எகிறித் திரும்பிடும். அதனால பறை வாங்கற அதிர்வை இந்த எலும்புங்க சுமார் 17 மடங்கு சின்ன இடத்துல குவிச்சு அழுத்துது. பஸ்ல ஹை ஹீல்ஸ்காரி காலை மிதிச்சா உயிர் போகுமே, அதே கணக்கு. எலும்புங்க நெம்பித் தர்ற பலமும் சேர்ந்து அழுத்தம் 20 மடங்குக்கு மேல ஏறுது.

இதெல்லாம் ஒழுங்கா நடக்கணும்னா பறைக்கு ரெண்டு பக்கமும் காத்தழுத்தம் சமமா இருக்கணும். ஊட்டிக்குப் போறப்ப காது அடைக்கறது அதனாலதான். உள்ளே இருக்கற காத்து பறையை வெளியே தள்ளும். கீழே இறங்கும்போது வெளிக்காத்து உள்ளே அமுக்கும். இறங்கறதுதான் அதிகத் தொல்லை. நடுச்செவிலேர்ந்து தொண்டைக்கு ஒரு குழல் போகுது. எச்சில் முழுங்கினா, கொட்டாவி விட்டா அது திறக்கும். அதனால புளிப்பு மிட்டாய் வெச்சுக்கோ. பிளேன் இறங்கறப்ப தூங்காதே. பாப்பாவுக்கு அந்த நேரத்துல பால் குடு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊதறதா இருந்தா மெதுவா ஊது, தம் கட்டாதே. பயங்கர ஜலதோஷம் இருந்தா அந்தக் குழல் வீங்கியிருக்கும். முடிஞ்சா பிளேன் பயணத்தைத் தள்ளிப்போடு. மூக்கு சிந்தறப்பவும் ஒரு பக்கமா, மெதுவா.

பிள்ளைங்களைக் காதோட சேர்த்து அறையவே கூடாது. துவாரத்துல மாட்டின காத்து ஒரே அடியில பறையைக் கிழிச்சிடும்.

தீபாவளிக்குப் பஞ்சு வெச்சுக்கிட்டா ஆச்சுன்னு நினைக்காதே, தள்ளி நில்லு. பெரிய சத்தம் வந்தா ஒரு குட்டித் தசை அங்கவடியை இழுத்துப் பிடிக்கும். ஆனா அணுகுண்டு வெடி அதுக்குள்ள வெடிச்சு முடிஞ்சிருக்கும்.

சீழோ ரத்தமோ வந்தா, திடீர்னு ஒரு காது மந்தமானா, சொட்டு மருந்தை நீயா விடாம அன்னிக்கே இ.என்.டி. டாக்டரைப் பாரு. போறவரைக்கும் அந்தக் காதுல தண்ணி படாம தலைக்கு ஊத்து.