கடல்மீன் தொட்டிக்கு ஃபில்டர் மாற்றப் போகிறவர்களுக்கு

ஆரம்பத்தில் வைத்த சின்ன ஃபில்டர், மீன்கள் வளர வளரப் போதாமல் போகும். பெரிய கேனிஸ்டர் வாங்கலாமா, சம்ப் வைக்கலாமா என்று மனசு அலையும். தாராளமாக வாங்குங்கள். ஆனால் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே பழையதைக் கழற்றிவிடாதீர்கள். நன்றாக நீந்திக்கொண்டிருந்த க்ளவுன் மீன்கள் புது ஃபில்டர் வைத்த சில நாளில் செத்துப்போனதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அத்தனையும் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள்.

1. தண்ணீரைச் சுத்தம் செய்வது மோட்டார் அல்ல, பாக்டீரியா. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். இவை தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையத்திலும் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புதிய இடத்தில் போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை அம்மோனியா அப்படியே தேங்கும். கடல்தண்ணீரின் பி.எச். 8.2 ஒட்டி இருப்பதால், பி.எச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியைவிட அம்மோனியாவின் நச்சுப் பங்கு இங்கே பத்து மடங்குக்கும் மேல். கோல்ட்ஃபிஷ் வளர்த்த தைரியத்தில் இறங்காதீர்கள்.

2. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டாம். அங்கே தொட்டியின் பாதிக்குக் கடல் கல்லை, அதாவது பவளப்பாறைத் துண்டுகளை, அடுக்கியிருப்பார்கள். பாக்டீரியா பெரும்பாலும் அந்தக் கல்லில்தான் இருக்கும் என்பதால் ஃபில்டரை ஒரே நாளில் மாற்றினாலும் தொட்டி தாங்கிவிடும். நம் நாட்டில் பவளப்பாறை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலிருந்து அதை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். அந்தச் சட்டம் இருக்க வேண்டியதுதான். எத்தனை ஆசை இருந்தாலும் அந்தக் கல்லைத் தேடிப் போகாதீர்கள். ஆனால் அதன் விளைவைப் புரிந்துகொள்ளுங்கள்: நம் தொட்டிகளில் கல் குறைவு, ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாவை நம்பித்தான் மீன்கள் உயிரோடு இருக்கின்றன.

3. அதனால் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும், குறைந்தது ஆறு வாரம். பழையதிலிருந்து ஒரு கைப்பிடி செராமிக் வளையத்தை எடுத்துப் புதியதில் போட்டுவிட்டால் குடியேற்றம் சீக்கிரம் நடக்கும்.

4. பழையது பழுதாகிவிட்டது, காத்திருக்க வழியில்லை என்றால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச், வளையம் எல்லாவற்றையும் அப்படியே புதியதற்கு மாற்றுங்கள். மாற்றும்வரை தொட்டித் தண்ணீர் ஊற்றிய பக்கெட்டில் ஏர் ஸ்டோனோடு வையுங்கள். அழுக்காக இருந்தால் அதே தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும். குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். இன்னொன்று: பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டரை அப்படியே மறுபடி ஓட விடக் கூடாது. உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து, திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போக வேண்டும், தொட்டிக்கு அல்ல.

5. ஒரே நாளில் ஒரு வேலை. ஃபில்டர் மாற்றுகிற வாரத்தில் ஸ்கிம்மரைத் தொடாதீர்கள், மணலைக் கிளறாதீர்கள், புது மீன் விடாதீர்கள். ஸ்கிம்மரை மாற்ற வேண்டிய முறை வரும்போது, அது தொட்டிக்குக் காற்றும் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது ஞாபகம் இருக்கட்டும். அது நிற்கிற நேரத்துக்கு ஏர் பம்ப் வையுங்கள். புது ஸ்கிம்மர் முதல் சில நாள் கண்டபடி நுரைத்து வழியும். கோப்பையை அடிக்கடி பார்த்தால் போதும், பயப்பட வேண்டாம்.

6. சம்ப் வைப்பவர்கள் கரண்ட் போனால் என்னாகும் என்று முதலில் சோதித்துப் பாருங்கள். மோட்டார் நின்றதும் மேலே உள்ள தண்ணீர் திரும்புகுழாய் வழியாகவே கீழே இறங்கும். சம்ப்பில் இடமில்லாவிட்டால் வீட்டுத் தரையில்தான் நிற்கும். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். நிரம்பி வழியாத அளவைக் கண்டுபிடித்து, மோட்டார் ஓடும்போது அந்தத் தண்ணீர் நிற்கிற இடத்தில் மார்க்கர் கோடு போடுங்கள். எப்போது ஊற்றினாலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. திரும்புகுழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டால், மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். அந்த ஓட்டையைப் பாசி அடைக்கும்; மாதம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். செக் வால்வை மட்டும் நம்பாதீர்கள். குட்டி நத்தை ஒன்று சிக்கினாலே அது மூடாது.

7. கையை விடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் மிக எளிதாகப் பாயும். ஹீட்டர் இருந்தால் அணைத்துக் கால் மணி நேரம் ஆற விட்ட பிறகே தண்ணீரைக் குறையுங்கள், இல்லையென்றால் ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விடும். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏறட்டும். வழியும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

8. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி காயம் வழியாகப் புகுந்தால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிவரும்.

9. பித்தளை, செம்பு எதுவும் தண்ணீரில் படக் கூடாது. இறாலும் நத்தையும் செம்பைத் தாங்காது. குழாய்க்குப் பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள். சம்ப் ஒட்ட ஜன்னலுக்குப் பூசும் பூஞ்சைத் தடுப்பு சிலிகான் வேண்டாம். மீன் தொட்டிக்கென்று விற்பதை வாங்குங்கள்.

10. மாற்றிய பின் இரண்டு வாரம் தினமும் அம்மோனியா சோதியுங்கள். சோதனைக் குழாயை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். டியூப்லைட்டில் நிறம் மாறித் தெரியலாம். தீனியைப் பாதியாக்குங்கள். மீன் மேலே வந்து வாய் பிளந்தாலோ செவுள் வேகமாக அடித்தாலோ சோதனைக்குக்கூடக் காத்திருக்காமல் கால் பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள். அதற்காக, லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கணக்கில் கலந்து ஒரு நாள் ஓட்டிய தண்ணீர் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

11. ஆறு வாரம் கழித்து, அம்மோனியா தொடர்ந்து பூஜ்யமாக இருந்தால் பழையதை நிறுத்தலாம். அதில் உள்ள ஸ்பாஞ்சை மட்டும் சம்ப்பின் ஒரு மூலையில் போட்டு வையுங்கள். நோய் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றும் நாளில், தயார் நிலையில் இருக்கும் ஃபில்டர் அதுதான். பழைய மோட்டாரை வினிகர் கலந்த தண்ணீரில் ஓட்டி உப்புப் படிவை நீக்கிவிட்டு, நன்றாக அலசிக் காயவைத்து எடுத்து வையுங்கள். புது மோட்டார் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நின்றுபோனால் எந்தக் கடையும் திறந்திருக்காது.