முயலுக்கு வீட்டில் ஓர் இடம்

"தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்பது பிடிவாதக்காரரைக் குறித்து நம் நாட்டில் வழங்கும் பழமொழி. முயல் வளர்ப்போரில் பலருக்கு இது நேராகவே பொருந்தும். "முயல் தண்ணீர் குடிக்காது, குடித்தால் செத்துப்போகும்" என்று சாதிப்போரை நெசவாளர் தெருக்களிலும் தோட்டத்து வீடுகளிலும் நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு சாதித்தவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம் என்பதை ஒளிக்காமல் முதலிலேயே கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளின் வேண்டுதலுக்கு இணங்கி, வாரச் சந்தையில் இரண்டு முயல்களை வாங்கி வந்தோம். தகரக் கூரை வேய்ந்த திண்ணையில் கம்பிக் கூண்டு ஒன்றை வைத்து அவற்றை அதில் விட்டோம். மீந்த சோறும், முட்டைக்கோசும், காரட்டும் தாராளமாகப் போட்டோம். தண்ணீர் மட்டும் வைக்கவில்லை. சித்திரை மாதத்தில் ஒரு நாள் சங்கத்தின் பொதுக்கூட்டத்திற்குச் சென்று பிற்பகலில் திரும்பியபோது, ஒரு முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் கிடந்தது. விளக்கு வைக்கும் வேளைக்குள் அது இறந்துவிட்டது. "அதற்குத் தாகம் எடுத்திருக்குமோ?" என்று நம் இளைய மகள் கேட்டாள். அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. மற்ற முயலைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். அவர் பொறுமையோடு எடுத்துரைத்தவற்றைக் கடைப்பிடித்ததால் அது அதன் பின் ஆறு ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்தது. அன்று கற்றவற்றையும், பின்னர் படித்தும் பழகியும் அறிந்தவற்றையும் அங்கத்தினர்களுக்குப் பயன்படுமாறு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வாங்குமுன் எண்ண வேண்டியவை

நாம் வீட்டில் வளர்க்கும் முயல் வேறு. நம் கொல்லைக்காடுகளில் ஓடும் காட்டு முயல் வேறு. வீட்டு முயல் ஐரோப்பாவில் வளை தோண்டி வாழும் இனத்திலிருந்து வந்தது. அதன் குட்டிகள் உரோமமின்றி, கண் திறவாமல் பிறக்கும். சுமார் பத்து நாளில்தான் கண் விழிக்கும். காட்டு முயலின் குட்டியோ உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வயலில் குட்டி கண்டால் அதைத் தொடாமல் விட்டுவிடுவதே தர்மம். தாய் அருகிலேயே இருக்கும்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இனங்கள் வளர்க்கப்படுகின்றன. இவை மலைக்குளிருக்கு நன்கு இசைந்தவை. சமவெளிக்குக் கொண்டு வருவோர் வெப்பத்திலிருந்து காக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். அங்கோரா முயலின் உரோமம் நூலாகும் என்று கேள்வியுற்று நெசவாளர் சிலர் அதன்மேல் ஆசை கொள்வதுண்டு. அது குளிர்ப் பிரதேசத்திற்கே உரிய பிராணி. நம் ஊர் வெயிலில் அதை வளர்ப்பது அதனை வதைப்பதாகும்.

நன்கு பேணப்பட்ட முயல் எட்டு முதல் பத்து ஆண்டுகள் வரை உயிர் வாழும். இன்று பள்ளிக்குச் செல்லும் பிள்ளை கல்லூரிக்குச் செல்லும் வரை அதற்குப் புல் அறுக்க வேண்டும் என்பது இதன் பொருள். முயல் கூட்டமாக வாழும் இயல்புடையது. ஆகவே தனி முயலைவிட இணையே நன்று. ஆயினும் ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பின், சுமார் 31 நாள் கர்ப்பத்தில் பல குட்டிகள் பிறக்கும். நான்கைந்து மாதங்களில் அக்குட்டிகளும் இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகிவிடும். கால்நடை மருத்துவரைக் கொண்டு கருத்தடை செய்வித்த பின்னரே இணையை ஒன்றாக விட வேண்டும்.

இருப்பிடம்

கூண்டு என்பது முயல் உறங்கும் அறையே அன்றி அதன் உலகம் முழுவதும் அன்று. மூன்று தாவலாவது தாவும் நீளமும், பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றால் காது மேலே இடிக்காத உயரமும் அதற்கு இருத்தல் வேண்டும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேலும் நாள்தோறும் சில மணி நேரம் அறையில் உலாவ விட வேண்டும். காலையும் மாலையும் முயல் சுறுசுறுப்பாக இருக்கும் வேளைகளாதலால் அவ்வேளைகளே உகந்தவை.

வெறும் கம்பித் தரையில் முயலை நிறுத்தலாகாது. நாய், பூனைகளுக்கு உள்ளதுபோல் முயலின் பாதத்தில் தடித்த மெத்தைச் சதை கிடையாது. கம்பி உறுத்தி உரோமம் தேய்ந்து புண்ணாகும். பலகைத் தரையின் மேல் உலர்ந்த புல்லைக் கனமாகப் பரப்புதல் போதும். ஒரு மூலையில் சிறு மரப்பெட்டியைக் கவிழ்த்து வாயில் வைத்துக் கொடுத்தால் அச்சம் நேரும்போது அதனுள் ஒளிந்துகொள்ளும். அச்சம் என்பது முயலுக்கு வெறும் மன உணர்ச்சியன்று. கடும் அச்சத்தாலேயே அது நோயுறவும் இறக்கவும் கூடும். ஆகவே நாய், பூனை, கீரி, பாம்பு நுழையாத இடமும் உறுதியான தாழ்ப்பாளும் அவசியம்.

முயல் பெரும்பாலும் ஒரே மூலையில் சிறுநீர் கழிக்கும் வழக்கமுடையது. அம்மூலையில் அகலமான தட்டு வைத்து, பழைய செய்தித்தாள் விரித்து, மேலே வைக்கோல் தூவினால் வீடு நாறாது. தட்டை நாள்தோறும் மாற்ற வேண்டும். கழித்த புழுக்கையை வீணாக்காமல் அவரைப் பந்தலுக்கும் கீரைப் பாத்திக்கும் இடலாம்.

தறி உள்ள வீட்டில்

முயலின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பது. முன்பல் வாரத்திற்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். ஆகவே எதையேனும் கடித்துத் தேய்த்துக்கொண்டிருப்பது அதன் குற்றமன்று, தேவையாகும். அதன் வாய்க்கு எட்டும் இடத்தில் நாம் எதை வைக்கிறோம் என்பதே கேள்வி.

நெசவு வீட்டில் பாவும் ஊடும் தரையளவில் கிடக்கும். அறுந்த நூல் ஒன்றை முயல் விழுங்கினால் அது குடலில் சுருண்டு அடைப்பாகும். முயலுக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் இல்லை. உள்ளே போனது மேலே திரும்பாது. ஆகவே நூல் இழைகள், சணல் சாக்கு, தறிக் கயிறு ஆகியவற்றை எட்டாத உயரத்தில் வைப்பதும், முயலை விடுமுன் தரையைப் பெருக்குவதும் கட்டாயம். குழித்தறி உள்ள வீட்டில் குழியைப் பலகையால் மூடாமல் முயலை விடக் கூடாது. சாயப் பொடி வைத்த அறைக்குள் அதை அனுமதிக்கவே கூடாது. விசைத்தறிக் கம்பி, விளக்குக் கம்பி, கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பி ஆகிய அனைத்தும் அதன் கண்ணுக்கு வேர்களே. குழாய்க்குள் செலுத்தியோ, உயரத்தில் கட்டியோ அவற்றைக் காக்க வேண்டும். கடிப்பதற்கென்று வேப்பங்குச்சியோ கொய்யாக் குச்சியோ கொடுத்துவிட்டால் பாவும் பிழைக்கும், பல்லும் தேயும்.

ஆகாரமும் நீரும்

முயலின் ஆகாரத்தில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். அறுகம்புல், கொழுக்கட்டைப்புல், கினியாப்புல் ஆகியவற்றைப் பச்சையாகவும் உலர்த்தியும் தரலாம். நார்ச்சத்தே அதன் குடலை இயங்க வைக்கிறது. பல்லைத் தேய்ப்பதும் அதுவே. உலர்புல் இரவும் பகலும் குறையாமல் கிடைக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, புதினா, முருங்கைக்கீரை, அகத்திக்கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றித் தரலாம். குதிரைமசால், வேலிமசால் முதலியவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதி; வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் ஏற்றது, வளர்ந்த முயலுக்கு அளவோடு போதும். குருணைத் தீவனம் தருவோர் உடல் எடை கிலோவிற்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் போகலாகாது.

படங்களில் காணும் காரட் முயலின் அன்றாட உணவு அன்று. இனிப்பு மிகுந்த அது எப்போதோ ஒரு துண்டு தரும் தின்பண்டமே. சோறு, ரொட்டி, பிஸ்கோத்து, தானியம் ஆகியவை குடலில் புளித்து உயிருக்கே ஊறு செய்யும். வெங்காயமும் பூண்டும் கூடா. அரளி, எருக்கு, ஊமத்தை ஆகிய இலைகள் விஷம். விவசாய அங்கத்தினர் இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்: பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளித்த வயலின் வரப்புப் புல்லை முயலுக்கு அறுத்துப் போடக் கூடாது. மாடு தாங்கும் அளவு நஞ்சை இரண்டு கிலோ எடையுள்ள முயல் தாங்காது.

இனித் தண்ணீர். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை முயல் நீர் அருந்தும். இரண்டு கிலோ முயலுக்கு 300 மில்லிலிட்டர் வரை தேவைப்படலாம். கோடையில் இன்னும் மிகும். பச்சைப்புல் மட்டும் தின்னும் முயல் குறைவாகக் குடிப்பதைப் பார்த்தவர் எவரோ "தண்ணீரே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் போலும்; அச்சொல்லை நாமும் ஆராயாமல் ஏற்றோம். கனமான மண்சட்டியில் தூய நீர் எப்போதும் இருக்கட்டும்.

விடியற்காலையில் முயல் தன் ஆசனவாயிலிலிருந்தே மென்மையான புழுக்கையை வாயால் எடுத்து உண்பதைக் கண்டு சிலர் அருவருப்பர். அது நோயன்று. ஒருமுறை புளித்த உணவின் சத்தை இரண்டாம் முறை பெறும் இயற்கை ஏற்பாடு அது, தடுக்கலாகாது.

கோடையின் அபாயம்

முயலுக்கு நம்மைப்போல் வியர்வை கிடையாது. உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகளின் வழியே வெளிவிடுகிறது. 30 டிகிரி செல்சியஸைக் கடந்தாலே அதற்குத் துன்பம் தொடங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைப்பது அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும். வீட்டின் உள்ளே, காற்றோட்டமுள்ள தரையில் வைக்க வேண்டும். ஈர மண்பானை ஒன்றைப் படுக்கையருகே வைத்தால் அதன்மேல் சாய்ந்து உறங்கும். மூச்சிரைப்பும், காதில் சூடும், தள்ளாட்டமும் கண்டால் குளிர்ந்த ஈரத்துணியால் காதுகளைத் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கக் கூடாது. அந்த அதிர்ச்சியே கேடாகும்.

தூக்குதலும் நோய்க்குறிகளும்

காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. ஒரு கையை மார்பின் கீழும், மறு கையைப் பின்பகுதியின் கீழும் கொடுத்து, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். பின்பகுதி தொங்கினால் முயல் உதைக்கும். அவ்வுதையாலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடலாம். சிறு பிள்ளைகள் தரையில் அமர்ந்தபடியே தடவிக் கொடுக்கட்டும்.

வேட்டையாடப்படும் பிராணியாதலால் முயல் நோயை மறைக்கும். அதனால் நாள்தோறும் இரண்டை நோக்க வேண்டும்: தின்றதா, புழுக்கை போட்டதா? பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் மறுநாள் பார்ப்போம் என்று இருக்கலாகாது. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காது ஓரம், மூக்கு, பாதங்களில் வெண்செதில் தோன்றினால் அது சொறி, மனிதருக்கும் ஒட்டக்கூடும். கைவைத்தியம் செய்யாமல் மருத்துவரின் ஊசி மருந்தைப் பெறுக.

முயல் கத்தாது, கேட்காது, கதவைச் சுரண்டி முறையிடாது. தன் தேவையைச் சொல்லத் தெரியாத உயிரை வீட்டிற்குள் கொண்டுவருகிறவர், அதன் சார்பில் தாமே கேள்வி கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர். நம் மகள் கேட்ட கேள்வியை நாம் முன்னரே கேட்டிருந்தால் ஒரு முயல் பிழைத்திருக்கும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. முயலின் ஆகாரத்தில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டியதற்கு இரண்டு காரணங்கள் யாவை?
2. தறி உள்ள வீட்டில் முயலை வெளியே விடுமுன் செய்ய வேண்டியவை எவை?
3. உங்கள் வீட்டில் கோடைப் பிற்பகலில் மிகவும் குளிர்ந்திருக்கும் இடம் எது? முயல் இப்போது இருப்பது அங்கேதானா?